சக்கரத்து வீடும் சலவைக் கணக்கும்

அமெரிக்க வருமான வரித்துறை "வீடு" என்பதற்கு ஓர் இலக்கணம் வைத்திருக்கிறது. வீட்டுக்கடன் வட்டிக்கு வரிச்சலுகை கேட்டு வருகிறவர்களுக்காக எழுதியது. தூங்க இடம் வேண்டும், சமைக்க வசதி வேண்டும், கழிப்பறை வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் போதும். செங்கல் கட்டடமாக இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. படகும் வீடுதான். சக்கரம் வைத்து இழுத்துக்கொண்டு போகும் ட்ரெய்லரும் வீடுதான்.

மூலப்பத்திரம், வில்லங்கச் சான்றிதழ், அப்ரூவ்டு பிளான் என்று கடன் ஃபைல்களோடு இருபது வருஷத்துக்கும் மேலாகக் குடும்பம் நடத்துகிறவன் நான். எனக்கு இந்த மூன்று வரி இலக்கணம் ரொம்பவே பிடித்துவிட்டது. ஆனால் ஒரு விடுபடல் கண்ணை உறுத்துகிறது. துணி துவைக்கிற இடம் எங்கே? பட்டியலில் அது இல்லை. எழுதினவர் தன் துணியைத் தானே துவைத்துப் பழகாதவர் போலிருக்கிறது :-)

விடுபட்டுப்போன அந்த நாலாவது ஐட்டத்தின் சரித்திரம்தான் இந்தப் பதிவு. குறிப்பாக, ஓடுகிற வீட்டில் துணி துவைத்த கதை. அமெரிக்காவில் இதை ஆர்.வி. என்பார்கள். பஸ் மாதிரி தானே ஓடுவது ஒரு வகை. காருக்குப் பின்னால் மாட்டி இழுப்பது ஒரு வகை. பிக்கப் வண்டியின் முதுகில் அறை மாதிரி ஏறி உட்கார்ந்திருப்பது இன்னொரு வகை. இன்றைக்கு அதற்குள்ளே துவைப்பதையும் காயவைப்பதையும் ஒரே டிரம்மில் செய்யும் மெஷின் வைத்துக்கொள்கிறார்கள். நம்ம வீட்டு முன்கதவு மெஷின் சைஸ்தான். அந்த மெஷின் அந்த அலமாரிக்குள் போய் உட்கார நூறு வருஷம் ஆகியிருக்கிறது. அந்த நூறு வருஷத்தில் ஊர் விட்டு ஊர் போன பலரும் வந்து போகிறார்கள். மூன்று வருஷத்துக்கு ஒரு முறை டிரான்ஸ்பர் ஆர்டரைப் பார்த்து மூட்டை கட்டுகிற நமக்கு இதில் தெரிந்துகொள்ள விஷயம் உண்டு.

முகம் கழுவத் தொட்டி இருந்தது

1910-ல் நியூயார்க்கின் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் பியர்ஸ்-ஆரோ கம்பெனி ஒரு காரைக் காட்சிக்கு வைத்தது. பின்சீட்டை மடித்தால் படுக்கை. டிரைவர் சீட்டின் முதுகில் இருந்து மடக்கி இறக்கும் கைகழுவும் தொட்டி. இயற்கை உபாதைக்கு ஒரு பாத்திரம். டிரைவரிடம் பேச டெலிபோன். ஆர்.வி. வரலாறு எழுதுகிறவர்கள் பலரும் இந்த வண்டியில் இருந்துதான் ஆரம்பிக்கிறார்கள்.

முகம் கழுவ வழி செய்தவர்கள் துணிக்கு ஏன் எதுவும் செய்யவில்லை? அதை வாங்கக்கூடியவர்கள் யாரும் துவைக்கிறவர்கள் இல்லை, அவ்வளவுதான். அந்தக் காலத்து அமெரிக்காவில் திங்கட்கிழமை என்றால் துவைக்கிற நாள். தண்ணீர் இறைத்து, அடுப்பு மூட்டி, வெள்ளைத் துணிகளை வேகவைத்து, அலசி, பிழிந்து, உலர்த்தி... முதுகு ஒடிகிற வேலை. கொஞ்சம் காசு சேர்ந்தாலே குடும்பங்கள் முதலில் கைகழுவியது இந்த வேலையைத்தான். தெற்கு மாநிலங்களில் அது கறுப்பினப் பெண்கள் தலையில் விழுந்தது. 1881-ல் அட்லாண்டா நகரத்து சலவைப் பெண்கள் ஒரு சங்கம் வைத்து, கூலி உயர்வு கேட்டு வேலை நிறுத்தம் செய்தார்கள். இருபது பேரில் ஆரம்பித்தது, சில வாரங்களில் மூவாயிரம் பேராக வளர்ந்தது என்று சொல்கிறார்கள். அடிமைத்தளை அறுந்து இருபது வருஷம்கூட ஆகாத ஊர் அது. துணி துவைப்பது அற்ப விஷயம் என்று நினைப்பவர்கள் இதை ஒருமுறை யோசித்துப் பார்க்கலாம்.

தகர டப்பா யாத்ரீகர்கள்

கார் விலை இறங்கியதும் நடுத்தரக் குடும்பங்கள் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு சாலைக்கு வந்தன. 1919-ல் புளோரிடாவின் டாம்பா நகரத்தில் "டின் கேன் டூரிஸ்ட்ஸ்" என்று ஒரு சங்கமே உருவானது. டப்பா உணவு சாப்பிடுகிறவர்கள் என்று ஊர் வைத்த பெயர். அவர்கள் கோபித்துக்கொள்ளவில்லை. காரின் ரேடியேட்டர் மூடியில் ஒரு தகர டப்பாவைப் பற்றவைத்துக்கொண்டு அதையே அடையாளமாக்கிக் கொண்டார்கள்.

ஊர் நகராட்சிகள் முதலில் இவர்களுக்கு இலவச முகாம்கள் நடத்தின. வருகிறவர்கள் கடைத்தெருவில் செலவு செய்வார்கள் இல்லையா? தண்ணீர்க் குழாய், கழிப்பறை என்று வசதிகளும் வந்தன. ஆனால் 1920-களின் நடுவில் பல முகாம்கள் கட்டணம் வாங்க ஆரம்பித்துவிட்டன. வருமானம் ஒரு காரணம். இன்னொரு காரணம், பழைய ஓட்டைக் காரில் குடும்பத்தையும் சட்டி பானையையும் ஏற்றிக்கொண்டு வேலை தேடி அலைகிறவர்கள் உள்ளே வந்துவிடக்கூடாது என்பது. அதாவது, அதே சாலை, அதே கூடாரம், அதே கொடியில் காயும் துணி. பர்ஸில் காசு இருந்தால் அவர் சுற்றுலாப் பயணி. இல்லாவிட்டால் நாடோடி.

1930-களில் இந்தக் கோடு இன்னும் கெட்டியானது. பொருளாதார வீழ்ச்சி ஒரு பக்கம், பெரும் சமவெளியில் வறட்சியும் புழுதிப்புயலும் இன்னொரு பக்கம். அந்தப் பத்து வருஷத்தில் சுமார் 25 லட்சம் பேர் சமவெளி மாநிலங்களை விட்டுக் கிளம்பினார்கள். அவர்களில் ஒரு பகுதி கலிபோர்னியாவுக்குப் பழம் பறிக்க, பருத்தி எடுக்க வந்தது. வாய்க்கால் ஓரத்தில் அட்டையும் கோணியும் வைத்துக் குடிசை போட்டார்கள். குடிக்கிற தண்ணீரும் துவைக்கிற தண்ணீரும் ஒரே வாய்க்கால். உள்ளூர்க்காரர்கள் "ஓக்கி" என்று பெயர் வைத்து, அழுக்குப் பிடித்தவர்கள், ஒட்டிக்கொண்டால் நோய் வரும் என்று பேசினார்கள். ஓக்லஹோமா என்ற ஊர்ப்பெயரே வசைச்சொல் ஆகிவிட்டது. வெளியூரில் பிழைக்கப் போன இடத்தில் நம் ஊர்ப்பெயரையே வசவாகக் கேட்பது எப்படி இருக்கும் என்று மும்பையில் 1960-களில் இருந்த நம் பெரியவர்களைக் கேட்டால் தெரியும்.

1936-ல் மத்திய அரசு கலிபோர்னியாவின் ஆர்வின் என்ற ஊருக்குப் பக்கத்தில் இவர்களுக்காக ஒரு முகாம் கட்டியது. அங்கே பெரிய மாளிகையெல்லாம் இல்லை. கூடாரம் போடச் சமதளமான இடம். நடுவில் பொதுக் கட்டடங்கள். அதில் கழிப்பறை, வெந்நீர்க் குளியல், துணி துவைக்கத் தொட்டிகள். முகாமை நடத்தியவர் டாம் காலின்ஸ். அந்த வருஷம் சான் பிரான்சிஸ்கோ நியூஸ் பத்திரிகைக்குக் கட்டுரைத்தொடர் எழுத ஜான் ஸ்டைன்பெக் அங்கே வந்தார். 1939-ல் வந்த "தி கிரேப்ஸ் ஆஃப் ராத்" நாவலில் வரும் அரசு முகாம் இந்த ஆர்வின்தான். புத்தகத்தைத் தன் மனைவிக்கும் இந்த டாமுக்கும் சமர்ப்பணம் செய்தார்.

அந்தக் கட்டுரைகளில் ஸ்டைன்பெக் கவனித்த ஒரு விஷயம் முக்கியம். அழுக்கு என்பது அந்தக் குடும்பங்களின் குணம் இல்லை. புதிதாக வந்த குடும்பம் குடிசையைப் பெருக்கி, பிள்ளைகளைக் குளிப்பாட்டி வைத்திருக்கும். மாதங்கள் ஓட ஓட, தண்ணீர் இல்லாமல், சோப்பு இல்லாமல், தெம்பு இல்லாமல் ஒவ்வொன்றாகக் கைவிடும். முகாமில் தொட்டியும் வெந்நீரும் கிடைத்ததும் அதே மக்கள் தாங்களே கமிட்டி வைத்து இடத்தைச் சுத்தமாக வைத்துக்கொண்டார்கள். வீடு இல்லாதவனிடம் அரசு மாளிகை கொடுக்கவில்லை. வரித்துறையின் இலக்கணத்தில் இல்லாத அந்த நாலாவது ஐட்டத்தைக் கொடுத்தது.

மெஷின் வருகிறது

இதே காலத்தில் பட்டணத்தில் வேறொரு கதை ஓடிக்கொண்டிருந்தது. மின்சார வாஷிங் மெஷினை முதலில் கண்டுபிடித்தது யார் என்பதில் பங்காளிச் சண்டை உண்டு. சிகாகோவின் ஹர்லி கம்பெனி "தோர்" என்ற பெயரில் 1908 வாக்கிலேயே விற்றது. 1910-ல் ஆல்வா ஃபிஷர் பெயரில் காப்புரிமை பதிவானது. ஆனால் அவை துணியை உலுக்கித்தான் கொடுக்கும். பிழிய உருளைகளுக்கு நடுவே கையால் தள்ளவேண்டும். விரல் மாட்டினால் கதை முடிந்தது.

மெஷின் வாங்க முடியாதவர்களுக்கு 1934 ஏப்ரலில் டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த்தில் ஜே.எஃப். கான்ட்ரெல் என்பவர் ஒரு வழி கண்டுபிடித்தார். நாலு மின்சார மெஷின்களை ஒரு கடையில் வைத்து மணிக்கணக்கில் வாடகைக்கு விட்டார். "வாஷடீரியா" என்று பெயர். பின்னால் காசு போட்டு ஓட்டும் லாண்டரோமேட் கடைகளாக இது நாடு முழுக்கப் பரவியது. (லாண்டரோமேட் என்பது உண்மையில் வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனி தன் மெஷினுக்கு வைத்த பெயர். நம்மூரில் ஜெராக்ஸ் பொதுப்பெயர் ஆன மாதிரி.)

1937-ல் பென்டிக்ஸ் கம்பெனியின் தானியங்கி மெஷின் வந்தது. முன்பக்கம் வட்டக் கண்ணாடிக் கதவு. துவைத்து, அலசி, சுழற்றிப் பிழிவது எல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும். ஒரே தொல்லை, சுழலும்போது வருகிற அதிர்ச்சியைத் தாங்க உள்ளே ஸ்பிரிங் ஏற்பாடு கிடையாது. மெஷினைத் தரையோடு போல்ட் போட்டு முடுக்கவேண்டும். இல்லையென்றால் அது நடந்து வாசலுக்கு வந்துவிடும். நம் வீட்டு முன்கதவு மெஷின்களிலும் இதன் வாரிசு இருக்கிறது. பின்னால் போக்குவரத்துக்கு மாட்டி வரும் போல்ட்டுகளைக் கழற்றாமல் ஓட்டினால் மெஷின் பேயாட்டம் ஆடும். அதே போல்ட்டுகளை மறுபடி மாட்டாமல் லாரியில் ஏற்றினால் டிரம் அடிவாங்கும். டிரான்ஸ்பர் குடும்பங்கள் அந்த நாலு போல்ட்டை நகை மாதிரி பத்திரமாக வைத்துக்கொள்வது இதனால்தான்.

அடுத்த வருஷமே, 1938-ல், விஸ்கான்சின் மாநிலத்து ஹாமில்டன் கம்பெனி ஒரு துணி காயவைக்கும் மெஷினை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பெயர் "ஜூன் டே". ஜூன் மாதத்து வெயிலில் காய்ந்த மாதிரி காயுமாம். ஜூன் வெயிலை விலைக்கு விற்கிற அளவுக்கு அந்த ஊர் குளிர்காலம் கொடுமையானது. ஜே. ராஸ் மூர் என்ற வடக்கு டகோடாக்காரர், தன் அம்மா உறைபனியில் துணி உலர்த்தப் படுகிற பாட்டைப் பார்த்துத்தான் இதற்குப் பாடுபட்டார் என்பார்கள். பிறகு யுத்தம். தொழிற்சாலைகள் ஆயுதத்துக்குத் திரும்பின. யுத்தம் முடிந்ததும் பெருவெள்ளமாக எல்லாம் வந்தன. 1946-ல் டைட் பவுடர். 1953-ல் பென்டிக்ஸ் டுவோமேட்டிக்.

இந்த டுவோமேட்டிக்தான் நம் கதாநாயகன். ஒரே டிரம். அழுக்குத் துணியைப் போட்டால் காய்ந்த துணியை எடுக்கலாம். நடுவில் கை வைக்கவே வேண்டாம். மற்ற கம்பெனிகளும் போட்டிக்கு இறங்கின. ஆனால் அமெரிக்காவில் இது ரொம்ப நாள் நிலைக்கவில்லை. விலை அதிகம். இரண்டு மெஷினின் கோளாறுகள் ஒரே பெட்டிக்குள். ஒன்று காய்ந்துகொண்டிருக்கும்போது அடுத்த ஈடு துவைக்க முடியாது. இதையெல்லாம் பொறுத்துக்கொள்ள ஒரே காரணம் இடப்பற்றாக்குறைதான். புறநகரில் தனி வீடும் அதற்கடியில் நிலவறையும் வைத்திருந்த அமெரிக்கருக்கு அந்தக் குறை கிடையாது. 1960-களின் முடிவில் பெரும்பாலான கம்பெனிகள் இதைக் கைவிட்டுவிட்டன.

பிறந்த வீட்டில் பிழைக்காத பிள்ளை, இடம் சின்னதாக இருந்த ஊர்களில் பிழைத்துக்கொண்டது. இத்தாலியின் அடுக்குமாடி வீடுகள், இங்கிலாந்தின் சமையலறை மூலைகள், ஜப்பான்.

ஸ்டைன்பெக்கின் பக்கெட்

இதற்கிடையே 1960 செப்டம்பரில் ஸ்டைன்பெக் மறுபடி சாலைக்கு வருகிறார். இப்போது அவர் பெரிய எழுத்தாளர். ஒரு ஜி.எம்.சி. பிக்கப் வண்டியின் முதுகில் படுக்கை, அடுப்பு, மேஜையோடு ஓர் அறை கட்டச்சொல்லி, டான் குயிக்ஸாட்டின் குதிரைப் பெயரான ரோசினான்ட்டே என்று அதற்குப் பெயர் வைத்து, சார்லி என்ற நாயோடு சுமார் 10,000 மைல் சுற்றினார். 1962-ல் "டிராவல்ஸ் வித் சார்லி" வெளிவந்தது. அதே வருஷம் நோபல் பரிசும் வந்தது.

அந்தப் புத்தகத்தில் சலவைக்கு ஒரு குறிப்பு இருக்கிறது. மூடி போட்ட பெரிய பிளாஸ்டிக் குப்பை பக்கெட் ஒன்று. வண்டி ஆடும்போது கவிழாமல் இருக்க, அதை ரப்பர் கயிற்றில் அலமாரிக் கம்பியில் தொங்கவிட்டார். ஒருநாள் பார்த்தால் உள்ளே இருந்த குப்பை நன்றாகக் குலுங்கிப் பிசையப்பட்டிருந்தது. ஆஹா என்று மறுநாள் பக்கெட்டைக் கழுவி, சட்டை, உள்ளாடை, சாக்ஸ், வெந்நீர், சோப்புத்தூள் போட்டுத் தொங்கவிட்டார். நாள் முழுக்க வண்டி ஓட, பக்கெட் ஆடியது. சாயங்காலம் ஓடையில் அலசினார். ஜன்னலோரம் நைலான் கயிறு கட்டி உலர்த்தினார். மின்சாரம் இல்லை, மோட்டார் இல்லை. சாலையின் குண்டும் குழியும்தான் மோட்டார்.

(அந்தப் புத்தகத்தில் பல இடங்களில் கற்பனை கலந்திருக்கிறது, பல இரவுகள் அவர் ஹோட்டலில்தான் தூங்கினார் என்றெல்லாம் பிற்காலத்தில் பயணப்பாதையை ஆராய்ந்தவர்கள் சொன்னார்கள். பக்கெட் விஷயம் எப்படியோ, அந்த முறையில் துவைத்தால் துணி வெளுக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.)

1936-ல் துவைக்கத் தொட்டி இல்லாமல் வாய்க்காலில் அலசியவர்களைப் பற்றி எழுதிய அதே மனிதர், 1960-ல் தன் விருப்பத்துக்கு ஓடையில் அலசுகிறார். ஒன்றில் இல்லாமை, இன்னொன்றில் விளையாட்டு. யார் நினைத்தால் வீட்டுக்குத் திரும்பலாம், யாரால் முடியாது என்பதுதான் வித்தியாசம்.

ஓடுகிற வீட்டுக்குள் மெஷின்

1956-ல் நெடுஞ்சாலைச் சட்டம். 1962-ல் மொன்டானாவின் பில்லிங்ஸில் கே.ஓ.ஏ. என்ற முகாம் சங்கிலியின் ஆரம்பம். 1966-ல் அயோவாவின் வின்னபேகோ கம்பெனி மோட்டார் வீடுகளைத் தொழிற்சாலை வரிசையில் செய்ய ஆரம்பித்தது. ஓய்வுபெற்றவர்கள் வருஷம் முழுக்க வண்டியிலேயே வாழத் தொடங்கினார்கள். வாரம் ஒருநாள் லாண்டரோமேட்டில் 25 சென்ட் நாணயங்களை உருட்டிக்கொண்டு உட்காருவது அவர்களுக்கு அலுத்துப்போனது. அப்போதுதான் அமெரிக்கா கைவிட்ட அந்த ஒற்றை டிரம் மெஷின் இத்தாலியில் இருந்து திரும்பி வந்தது. ஸ்ப்ளெண்டைட் என்ற பெயரில் ஆர்.வி.களுக்கென்றே விற்ற மெஷின்கள் இத்தாலியில் செய்தவை. அகலம் இரண்டடி. எடை 65-70 கிலோ.

இங்கேதான் என் மாதிரி ஆட்களுக்குப் பிடித்த கணக்கு வருகிறது. அமெரிக்க வீட்டில் இருக்கும் தனி ட்ரையர் 240 வோல்ட்டில் ஓடும். அதன் ஹீட்டர் சுமார் 5,000 வாட். ஆர்.வி. மெஷின் 120 வோல்ட் சாதாரண பிளக்கில் ஓடவேண்டும். 15 ஆம்ப் என்று வைத்தால் உச்சவரம்பு 1,800 வாட். ஹீட்டருக்கு அதிலும் குறைவு. முகாமில் கிடைக்கும் இணைப்பு 30 ஆம்ப் என்றால் மொத்த வண்டிக்கும் 3,600 வாட். ஏ.சி. பாதியைத் தின்றுவிடும். காபி மெஷினையும் போட்டால் டப் என்று டிரிப் ஆகும்.

ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்க இயற்கை கேட்கும் விலை சுமார் 0.63 யூனிட். அதில் பேரம் கிடையாது. மூன்று கிலோ துணி, நன்றாகச் சுழற்றிப் பிழிந்த பிறகும், ஒன்றரை லிட்டர் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். குறைந்தது ஒரு யூனிட். துணியையும் டிரம்மையும் சூடாக்குவது தனி. 1,200 வாட் ஹீட்டரில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆவதில் ஆச்சரியம் இல்லை. மெஷின் மெதுவாக ஓடுகிறது என்று குறைப்படுபவர்கள் உண்மையில் பௌதிகத்தின் மேல் புகார் சொல்கிறார்கள்.

இன்னொரு சங்கதி. துவைக்கிற அளவுத் துணியைக் காயவைக்க முடியாது. ஈரத்தில் சுருண்டு கிடக்கும் துணி காயும்போது உள்ளே காற்று புரள இடம் வேண்டும். அதனால் கொள்ளளவில் பாதிதான் போடவேண்டும். காற்றை வெளியே தள்ளும் மெஷின் என்றால் வண்டிச் சுவரில் ஓட்டை போட்டுக் குழாய் வைக்கவேண்டும். ஓட்டை வேண்டாம் என்றால் குளிர்விக்கும் வகை. துணியில் இருந்து எழும் ஆவியைக் குளிர்ந்த நீரால் மறுபடி தண்ணீராக்கிக் கீழே விடும். அதற்காகக் காயவைக்கும்போதும் தண்ணீர் செலவாகும். (தண்ணீர் செலவழித்து ஈரத்தைப் போக்குவதா என்று தங்கமணி கேட்டார். பதில் இல்லை.) 2023-ல் ஜி.இ. கம்பெனி, சாதாரண 120 வோல்ட் பிளக்கிலேயே சுமார் இரண்டு மணி நேரத்தில் துவைத்துக் காயவைக்கும் ஹீட்-பம்ப் மெஷினை வீடுகளுக்குக் கொண்டுவந்தது. அது உருவத்தில் பெரிசு. ஆனால் போகிற திசை தெரிகிறது.

துவைக்க ஒரு ஈட்டுக்கு 40-50 லிட்டர் தண்ணீர். வண்டியில் இருக்கும் அழுக்குநீர்த் தொட்டியோ பெரும்பாலும் 150-200 லிட்டர். நாலு ஈட்டில் நிரம்பிவிடும். அதனால் தண்ணீர், கழிவு, மின்சாரம் மூன்றும் இணைத்த முகாமில் நின்றால்தான் மெஷினுக்கு மரியாதை. பாலைவனத்தில் இலவசமாக நிறுத்தினால் அது 70 கிலோ அலமாரி.

இத்தனையும் படித்த தமிழ் மனசுக்கு ஒரு கேள்வி வரும். அரிசோனா, டெக்சாஸ் மாதிரி வெயில் கொளுத்தும் ஊரில் எதற்கு ட்ரையர்? ஒரு கொடி கட்டினால் அரை மணியில் காயாதா? காயும். ஆனால் பல ஆர்.வி. பூங்காக்களில் வெளியே துணி காயப்போடக் கூடாது என்று விதி இருக்கிறது. பல குடியிருப்புச் சங்கங்களிலும் அப்படித்தான். கொடியில் துணி தெரிந்தால் ஏழைகள் இருக்கும் இடம் போலத் தோன்றுமாம், சொத்து மதிப்பு குறையுமாம். இதை எதிர்த்து "காயவைக்கும் உரிமை" என்று இயக்கமே நடந்தது. வெர்மான்ட் மாநிலம் 2009-ல் கொடி கட்டுவதைத் தடுக்கக்கூடாது என்று சட்டம் போட்டது. 1930-களில் வாய்க்கால் கரையில் தொங்கிய ஓக்கிகளின் துணி மீதிருந்த அருவருப்பு, எழுபது எண்பது வருஷம் கழித்தும் ஒரு விதிமுறை ஷரத்தாக உயிரோடு இருக்கிறது பாருங்கள்.

மறுபடியும் சாலைக்கு வந்தவர்கள்

2008-ல் அமெரிக்க வீட்டுக்கடன் கட்டடம் சரிந்தது. எங்கள் தொழிலில் அதை வாராக்கடன், அடமானச் சொத்து கையகம் என்று இரண்டு வார்த்தையில் எழுதிவிடுவோம். அந்தப் பக்கத்தில் அது ஒரு குடும்பம் சாமான்களை வெளியே வைக்கிற காட்சி. அறுபது வயதுக்கு மேல் வீட்டையும் சேமிப்பையும் இழந்தவர்கள் சிலர் பழைய வேன்களிலும் ட்ரெய்லர்களிலும் வாழ வந்தார்கள். சர்க்கரை பீட் அறுவடை, முகாம் பராமரிப்பு, பண்டிகைக்கால பார்சல் கிடங்கு என்று பருவத்துக்கு ஒரு வேலை. அமேசான் கம்பெனி 2008-ல் இருந்து பல வருஷம் இவர்களைக் "கேம்பர்ஃபோர்ஸ்" என்ற பெயரில் சீசன் வேலைக்கு எடுத்தது. ஜெசிகா ப்ரூடர் இவர்களோடு பயணம் செய்து 2017-ல் "நோமேட்லேண்ட்" எழுதினார். அதுவே படமாகி 2021-ல் சிறந்த படத்துக்கான ஆஸ்கார் வாங்கியது.

ஆக இன்று ஒரே சாலையில் இரண்டு ஆர்.வி. ஓடுகிறது. ஒன்றில் ஆயிரம் டாலருக்கு மேல் கொடுத்து வைத்த மெஷின் காலையில் ஒரு சின்ன ஈட்டை முடித்துவிடுகிறது. இன்னொன்றில் ஐந்து லிட்டர் பக்கெட், ஒரு கை, வாரக் கடைசியில் லாண்டரோமேட். 1920-களில் முகாம் வாசலில் போட்ட கோடு இப்போது அலமாரிக்குள் இருக்கிறது.

மெஷின் வந்தவர்களுக்காவது நேரம் மிச்சமா? ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் என்ற வரலாற்றாசிரியர் 1983-ல் எழுதிய "மோர் ஒர்க் ஃபார் மதர்" புத்தகத்தின் வாதம் இதுதான்: மெஷின் உடல் வலியைக் குறைத்தது, ஆனால் வீட்டுப் பெண்ணின் நேரத்தைக் குறைக்கவில்லை. முன்பு வண்ணார் பெண்ணும் சலவைக்கடையும் செய்த வேலை வீட்டுக்குள்ளே திரும்பி வந்து ஒருத்தி தலையில் விழுந்தது. சட்டையை ஒருநாள் போட்டதும் துவைக்கவேண்டும் என்று தரமும் ஏறியது. ஆர்.வி. மெஷின் இதற்கு நல்ல உதாரணம். பாதி ஈடுதான் காயும் என்பதால் அனுபவஸ்தர்கள் சொல்லும் யோசனை: தினமும் கொஞ்சம் துவையுங்கள். திங்கட்கிழமை மட்டும் இருந்த வேலை ஏழு நாளும் ஆகிவிட்டது. முதுகு ஒடியவில்லை, உண்மைதான். விடுமுறையும் இல்லை.

நம் ஊர்ப் பக்கம்

இந்தியாவில் 1979-ல் மாநிலம் விட்டு மாநிலம் போகும் தொழிலாளர்களுக்கென ஒரு சட்டம் வந்தது. 1980-ல் எழுதிய மத்திய விதிகளில் தங்குமிடம், குடிநீர், கழிப்பறையோடு கழுவித் துவைக்கும் வசதியும் இடம்பெற்றது. அமெரிக்க வரித்துறை மறந்த நாலாவது ஐட்டம், நம் விதியில் எழுத்தில் வந்துவிட்டது. அதை எழுதினவருக்கு என் வணக்கம்.

எழுத்தில் இருப்பது தரையில் இருக்கிறதா என்பது வேறு. நாம் குடியிருக்கும் எந்த நகரத்திலும் புதிதாக எழும்பும் அடுக்குமாடிக்குப் பின்னால் போய்ப் பாருங்கள். ஒடிசாவில் இருந்தும் ஜார்க்கண்டில் இருந்தும் நம் திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கத்தில் இருந்தும் வந்தவர்கள், கான்கிரீட்டுக்கு நீர் பிடிக்கிற ஹோஸில், கல்லுக்குப் பதில் ஒரு சிமெண்ட் துண்டின் மேல், சட்டையைத் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். சாரக்கட்டில்தான் கொடி. நாமும் ஊர்விட்டு வந்தவர்கள்தான். நமக்குக் கம்பெனி குவார்ட்டர்ஸும் பால்கனியும் இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

உங்கள் சொசைட்டி கமிட்டியில் நீங்கள் இருந்தால் ஒரு வேண்டுகோள். அடுத்த பட்ஜெட் கூட்டத்தில் கேட்டுப் பாருங்கள். நம் வாட்ச்மேன், பெருக்குகிற அம்மா, வெளியூரில் இருந்து வந்து கீழே சின்ன அறையில் தங்கியிருக்கும் பிளம்பர் பையன், இவர்கள் எல்லாம் துணியை எங்கே துவைக்கிறார்கள், எங்கே காயப்போடுகிறார்கள்? ஒரு குழாய், ஒரு துவைக்கிற கல், வெயில் படும் இடத்தில் ஒரு கொடி. லிஃப்ட்டுக்குக் கட்டும் வருஷாந்திரப் பராமரிப்புத் தொகையோடு வைத்துப் பார்த்தால் அந்தச் செலவு ஒரு ஓரத்துக்கு வராது.